மூன்று மென்பொருள்களும் ஒரு மேலுதடும்

1.

அந்தப் படத்தை ஸ்கேன் செய்து தர ஸ்டுடியோக்காரர் கேட்டது இரண்டு டீயின் விலை. நான் ஒரு டீக்கு முடித்தேன். உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத சரக்கை அந்த விலைக்கு வாங்கி வந்தவன் என்ற முறையில், இதை எழுத எனக்கு உரிமை உண்டு.

உண்மையைச் சொன்னால் இது கதையாகப் பிறக்கவே இல்லை. கணினிப் பத்திரிகை ஒன்றின் ஆசிரியர் என்னிடம் கேட்டது ஒரு கட்டுரை. பழைய படங்களைத் திரையிலேயே வெட்டி ஒட்டி நினைவு ஆல்பம் செய்யப் புதிதாக வருபவர்கள், எந்தப் பட மென்பொருளைத் தேர்ந்தெடுக்கலாம்?

"ரெண்டு பக்கம் போதும். உங்க வழக்கமான நக்கல் வேணாம்."

"நக்கல் இல்லாம எழுத விலை கூட."

ஃபோனை வைத்துவிட்டார். நான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "கத்தரியும் பசையும் இல்லாமல், நம் இனிய நினைவுகளை அழகிய பக்கங்களாக"

[எனக்கே கொட்டாவி வந்தது. விட்டுவிட்டேன்.]

இரண்டாம் தொடக்கம்: "ஒரு நல்ல பட மென்பொருள் என்பது"

[என்பது என்ன? அதற்குள் அக்கா ஃபோன் செய்துவிட்டாள். அந்த வாக்கியம் இன்றும் ஒற்றைக் காலில் நிற்கிறது.]

2.

அக்கா துணி ஆல்ட்டரேஷன் கடை வைத்திருக்கிறாள். கிழிந்த சட்டையைக் கொடுத்தால், எங்கே கிழிந்தது என்று கொடுத்தவருக்கே மறந்துபோகிற மாதிரி தைத்துத் தருவாள். எங்கள் அப்பா மொத்தத் துணி வியாபாரி. அவரிடமே பேரம் பேசி ஜெயித்த ஒரே ஆள் அவள்தான். நான் எழுத்துப் பக்கம் ஒதுங்கியதே அந்தப் போட்டிக்குப் பயந்து.

"டேய், ஆல்பம் பண்ற சாஃப்ட்வேர் பத்தி எழுதறியாமே? எழுதறவனுக்கு ஓசில ஒண்ணு குடுப்பாங்கல்ல?"

"குடுக்க மாட்டாங்கக்கா."

"கேட்டியா?"

"கேக்கல."

"கேக்காமலே எப்படிடா இல்லைன்னு சொல்ற? நீ அப்பாவுக்குப் பொறந்தவன்தானா?"

விஷயம் இதுதான். வேறு ஊரில் நில அளவையராக இருக்கும் அவள் மகள் இப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. தன் குழந்தைப் பருவப் படங்களையெல்லாம் ஆல்பமாகச் செய்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள். ஒரே ஒரு நிபந்தனை. முதல் பக்கத்தில் "ஆபரேஷனுக்கு முந்தின படம்" இருக்க வேண்டும்.

அவள் மேலுதட்டில் பிளவோடு பிறந்தவள். ஐந்தாம் மாதத்தில் தைத்துச் சரிசெய்துவிட்டார்கள். இப்போது மெல்லிய கோடுதான். அவள் சிரிக்கும்போது அந்தக் கோடு ஒரு நொடி முந்திச் சிரிக்கும்.

ஆபரேஷனுக்கு முந்திய முகத்தைக் காட்டும் படம் ஒன்றே ஒன்று. மச்சான் எடுத்தது. கண்ணாடிச் சட்டத்துக்குள், அலமாரியில், துணிகளுக்கு அடியில் இத்தனை வருடம் கிடந்தது. படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்ததால் ஸ்டுடியோக்காரர் உரிக்காமல் அப்படியே ஸ்கேன் செய்து பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். அக்கா விடவில்லை. இன்னும் தெளிவாக எடுக்கலாமே என்று வீட்டில் உரித்துப் பார்த்தாள். தாள் கையோடு வந்தது. முகம் கண்ணாடியோடு தங்கிவிட்டது, தூள் தூளாக.

ஆக, உலகத்தில் மிச்சம் இருப்பது அந்தப் பென்டிரைவில் உள்ள ஒரு கோப்பு.*

* ஸ்டுடியோவில் பிரதி இருக்காதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவர் தினமும் கடையடைக்கும்போது கணினியைச் சுத்தமாகத் துடைத்துவிடுகிறவர். நல்ல பழக்கம். நமக்குத்தான் வயிற்றெரிச்சல்.

3.

இனி கட்டுரை. பத்திரிகை ஆசிரியர் இந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று மென்பொருள்களை எடுத்துக்கொண்டோம். பெயர் சொன்னால் வழக்கு வரும் என்பதால் பட்டப்பெயர்கள். முதலாவது வாடகைக்காரன். மாதாமாதம் பணம் கேட்பான், எல்லாம் தெரிந்தவன், சில நாள் மட்டும் இலவசமாக வீட்டுக்குள் விடுவான். இரண்டாவது தர்மப்பிரபு. காசே வேண்டாம், ஆனால் விமானி அறை மாதிரி பொத்தான்கள். மூன்றாவது சாது. ஒருமுறை சின்னத் தொகை கொடுத்தால் போதும். படத்தை வைக்க, ஓரத்தை வெட்ட, பக்கத்தில் எழுத மட்டும் தெரியும். வேறு ஒரு வித்தையும் தெரியாது.

புதிதாக வருபவர் பார்க்க வேண்டியது: பக்கத்தை அடுக்கடுக்காகச் செய்ய முடிகிறதா? (அக்காவுக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "மேல் துணி, லைனிங், நடுவுல கேன்வாஸ். இதுல என்ன பெரிய சிதம்பர ரகசியம்?") தமிழ் எழுத்தை அடித்தால் உருப்படியாக வருகிறதா? தர்மப்பிரபுவிடம் "கொழுக்மொழுக்" என்று அடித்தோம். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவே புள்ளி வட்டம். விபத்து நடந்த இடம் மாதிரி இருந்தது. அக்கா ஒரே வார்த்தையில் முடித்தாள்: "மூடு."

அப்புறம், செய்ததை வாபஸ் வாங்கும் பொத்தான். எங்கள் அப்பா கடையில் "விற்ற பொருள் வாபஸ் வாங்கப்படமாட்டாது" என்று ஒரு பலகை தொங்கும். திரையில் எல்லாமே வாபஸ் உண்டு, அசலின் மேலேயே சேமித்து மூடும் வரை. அதனால் முதல் வேலையாக அசலுக்கு ஒரு பிரதி எடுத்து

[இந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டிருந்தபோது நான் பிரதி எடுத்திருக்கவில்லை. பிரதி எடுப்பதன் அவசியத்தைப் பற்றி எழுதுவதில் மும்முரமாக இருந்தேன்.]

சாதுவுக்குப் படத்தைச் சரிசெய்யத் தெரியாது. வாடகைக்காரன்தான் மிச்சம். எதையும் சரிசெய்வான். ஆனால் அக்கா சோதித்ததெல்லாம் ஒரே இடத்தில். பூச்சட்டம் பார்க்கவில்லை, எழுத்துரு பார்க்கவில்லை. படத்தைப் பெரிதாக்கி, பெரிதாக்கி, குழந்தையின் மேலுதட்டுக்குப் போனாள். அந்த இடத்தில் மவுஸைத் தேய்த்தாள்.

"ஒட்டுத் தெரியுதுடா."

"அக்கா, குட்டி அந்தப் படத்த அப்படியேதானே கேட்டா?"

"அவ கேப்பா. அனுப்பறது நான்."

4.

இந்த இடத்தில் மகளைக் கொண்டுவர வேண்டும். அவளை எழுதுவதில் எனக்குச் சந்தேகம். முதல் வரைவில் அவள் ஃபோனில் விசும்பினாள். அடித்துவிட்டேன். அவள் விசும்புகிற ஆள் இல்லை. எல்லைக்கல்லைப் பத்தடி நகர்த்திவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டு அழும் பெரிய மனிதர்களை நேருக்கு நேர் பார்த்து, "கல்ல எடுத்த எடத்துல வைங்க, அப்புறம் அழலாம்" என்று சொல்கிறவள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

"மாமா, அம்மா அந்தப் படத்த சரிபண்றாங்களா?"

"இல்லையே."

"பொய் சொன்னா உங்களுக்கு 'யே' நீளும்."

நான் ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"எனக்கு இருந்ததால பிள்ளைக்கும் வர கொஞ்சம் வாய்ப்பு இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க மாமா. ஸ்கேன்ல பாக்கலாம்னா, அது ரெண்டு கையாலயும் மூஞ்சிய மூடிட்டு உக்காந்திருக்கு. போன தடவையும் அப்படித்தான்."

"உன்ன மாதிரியே பிடிவாதம்."

"எது வந்தாலும் பரவால்ல. தைக்கலாம், சரியாயிடும், எனக்குத் தெரியாததா? ஆனா மொத தடவ பாக்கறப்போ என் மூஞ்சி மாறிடக் கூடாது. அது என்னைப் பாக்கும்ல? அதுக்கு முன்னாடியே பாத்துப் பாத்துப் பழகிக்கணும். வேற யாரோ குழந்தையோட படம் எதுக்கு? என்னையே பாத்துப் பழகிக்கறேன். அம்மாகிட்ட சொல்லாதீங்க, பயந்துடுவாங்க."

வாசகரே, நிலைமை புரிகிறதல்லவா? ஒருத்திக்கு அந்தப் பிளவு வேண்டும். ஒருத்திக்கு வேண்டாம். நடுவில் ஒரே ஒரு கோப்பு. நான் வாயைத் திறக்கக் கூடாது என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பேரத்தில் இதைவிட மோசமான இடத்தில் நான் உட்கார்ந்ததே இல்லை.

5.

மறுநாள் மதியம் அக்காவிடமிருந்து ஃபோன். குரலில் ஈரமே இல்லை.

"சரியா வந்துடுச்சுடா. ஒட்டே தெரியல. சேமின்னு அமுக்கிட்டேன்."

"எதுக்கு மேல?"

"அதுக்கு மேலயேதான். அப்புறம் பாத்தேன். யாரோ ஒரு பிள்ளைடா அது. அழகா இருக்கு. யாருன்னே தெரியல. பயந்துபோய் கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டேன்."

எழுதுகிறவனுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. என் ஸ்கூட்டர் கிளம்பாமல் மக்கர் செய்தது என்றோ, வழியில் ஊர்வலம் வந்தது என்றோ ஒரு பக்கம் ஓட்டலாம். வேண்டாம். ஸ்கூட்டர் ஒரே உதையில் கிளம்பியது. நான்தான் ஹெல்மெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போனேன்.

கடையில் தையல் மெஷின் மேலேயே கணினி. அது உயிர் பெறுவதற்குள் அக்கா ஒரு துண்டுத் துணியை எடுத்து ஓரம் மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"அவ ஏன் கேக்கறான்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?" என்றாள் திரையைப் பார்த்தபடியே. "வயித்துல பிள்ளைய வெச்சிட்டு எவளாவது சும்மா ஆல்பம் கேப்பாளா? அவ பொறந்தன்னிக்கு நர்ஸ் துணியப் போத்திக் கொண்டாந்து குடுத்தா. நான்தான் விலக்கினேன். என் மூஞ்சி மாறிச்சுடா. எனக்கே தெரிஞ்சது. அந்தப் படத்தப் பாத்தா, அது என்னைப் பாக்கற மாதிரியே இருக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? பசின்னு கத்துச்சு. அந்த வாயில பால் நிக்காது, மூக்குல ஏறும். சொட்டுச் சொட்டா ஸ்பூன்ல ஊத்தணும். அதுல மூஞ்சியாவது மண்ணாவது, எல்லாம் மறந்தே போச்சு."

கோப்பைத் திறந்தேன்.

குழந்தை வாயெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தது. மேலுதடு மூக்குவரை திறந்து, உள்ளே ஈறு தெரிய, உலகத்தில் யார்மீதும் எந்தப் புகாரும் இல்லாமல். அப்படியே இருந்தது. ஒரு புள்ளி மாறவில்லை.

அக்கா அந்தத் துண்டுத் துணியாலேயே மூக்கைச் சிந்தினாள்.

"சேமின்னு அமுக்கினேனேடா!"

"அமுக்கினதும் என்ன வந்துச்சு?"

"பலூனா வந்துச்சு. கலர் கலரா. பெரிய பச்சைப் பொத்தான். வாழ்த்துச் சொல்றான்னு நெனச்சேன்."

நான் சோதனைக்கு வேறொரு படத்தை எடுத்து அதே பொத்தானை அமுக்கிக் காட்டினேன். பலூன்கள் வந்தன. அடியில் பொடி எழுத்தில்: இலவசச் சோதனையில் சேமிக்க இயலாது. சந்தா செலுத்துக.

"வாழ்த்தில்லக்கா, பில்லு."

அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். பட்டன் தைக்கக் காத்திருந்தவர் வாசலிலிருந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு.

"பணம் கட்டிடலாம்னு நீ அன்னிக்கே சொன்ன. நான்தான், இலவசம் முடியட்டும், தானா விலைய எறக்குவான்னேன். காசு கட்டியிருந்தா என்னடா ஆயிருக்கும்?"

(எங்கள் வம்சத்தின் கஞ்சத்தனம் இதுவரை எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கித் தந்திருக்கிறது. ஒரு முகத்தைக் காப்பாற்றியது இதுவே முதல் தடவை. பதிவு செய்துகொள்கிறேன்.)

அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் படத்துக்கு எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு பிரதி. பட்டன்காரரிடம்கூட ஒன்று கொடுத்து வைக்கலாமா என்று அக்கா யோசித்தாள்.

6.

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) அக்கா மகளுக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொல்கிறாள். இருவரும் அழுகிறார்கள்.

[வரைவைப் படித்த அக்கா: "நாங்க ரெண்டு பேரும் ஃபோன்ல அழுததே இல்ல. பில்லு ஏறும்."]

(ஆ) அக்கா எல்லா மென்பொருளையும் தூக்கி எறிந்துவிட்டு, கையாலேயே

["கையாலதான் பண்ணணும்னா உன்னை எதுக்குடா கூப்பிட்டேன்?"]

(இ) நடந்தது. அக்கா சாதுவை வாங்கினாள். ஏன் என்று கேட்டேன்.

"இதுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. நம்பி வீட்ல விடலாம்."

முதல் பக்கத்தில் அந்தப் படம், முழு அளவில், பூ இல்லாமல், சட்டம் இல்லாமல். அடியில் அவளே அடித்தாள்: "பிறந்ததிலிருந்தே பசிக்காரி. உன்னைப் பார்த்ததும் என் முகம் மாறியது. நீ கத்தியதும் திரும்பி வந்துவிட்டது. உனக்கும் வந்துவிடும்." எதிர்ப் பக்கத்தில் அதே அளவில் ஒரு காலிக் கட்டம், வரப்போகிறவருக்கு.

ஆல்பம் போய்ச் சேர்ந்தது. மகளிடமிருந்து பதில்: "கல்ல எடுத்த எடத்துலயே வெச்சிட்டம்மா."

அந்தக் காலிக் கட்டம் நிரம்பியதா, அதில் இருக்கும் உதடு எப்படி என்றுதானே கேட்கிறீர்கள்? எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். எது வந்தாலும் கட்டம் அதே அளவுதான். நீங்கள் விரும்பியபடி நிரப்பிக்கொள்ளுங்கள். ஆனால் நிரப்பும்போது உங்கள் முகத்தை ஒருமுறை கண்ணாடியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

7.

கணக்கு.

ஸ்டுடியோக்காரருக்கு: குறைத்த ஒரு டீ. போய்க் கொடுத்தேன், கூட உட்கார்ந்து குடித்தேன். தீர்ந்தது.

வாடகைக்காரனுக்கு: பணம் இல்லை, நன்றி மட்டும். அதற்கும் பலூன் விட்டான். தீர்ந்தது.

பத்திரிகைக்கு: ஒரு கட்டுரை. மூன்றாம் பகுதியில் இருக்கிறது, நக்கலைக் கழித்துக்கொள்ளவும். தீர்ந்தது.

அக்காவுக்கு: ஓசியில் ஒரு மென்பொருள். கேட்டுப் பார்த்தேன். கொடுக்கவில்லை. தள்ளுபடி.

வாசகருக்கு: ஒரு குழந்தையின் முகம். நிலுவை.