குதிரைக்குத் தெரிந்த வீடு

இழு பாய், வலது கைப்பக்கம் இழு, என்று வண்டிக்காரர் பீர் முகமதுவின் விலாவில் இடித்துக்கொண்டே ஜெயக்கொடி தானும் கடிவாள வாரை எட்டிப் பிடித்தான், மேற்கே காளவாசலுக்குப் போகவேண்டிய குதிரை தெற்கே பழங்காநத்தம் பக்கம் திரும்பிவிட்டதே, சனியன், இதற்கு இம்புட்டு ஞாபகமா... பின்னால் சோணையம்மாள், மடியில் ஒரு மூட்டை, காலடியில் மூடி போட்ட சட்டிகள், காளவாசலில் அக்காள் வீட்டுக்கு என்றுதான் கிளம்பினாள், புளிச்சோற்று வாசனை வருகிறது, என்ன விசேஷம் என்று கேட்கலாம், ஆனால் பெண்டாட்டியோடு பேச்சைக் குறைத்து வருஷம் இரண்டாகிறது, வாயைத் திறந்தால் எங்கே உளறிவிடுவோமோ என்று. “என்ன பாய், வண்டி இந்தப் பக்கம் போகுது?” என்றான், அவள் காதில் விழட்டும் என்று சத்தமாக. “நான் என்னண்ணே செய்ய, அது பழகுன வழியில போகுது.” பாவி, இதையா சொல்வது?

எல்லாம் பழங்காநத்தத்து ஆப்பக்கடை மலையம்மாளால்... இல்லை, அவளைச் சொல்லி என்ன, தானாகப் போய் விழுந்ததுதானே. கள்ள உறவில் சுகம் என்கிறார்களே, அவன் கண்டது வயிற்றுப் பொருமல்தான், அங்கே அவள் பரிந்து பரிந்து வைத்த ஆப்பத்தைத் தின்றுவிட்டு, சந்தேகம் வரக்கூடாதென்று வீட்டிலும் ஒரு வட்டில் சோறு, அப்புறம் விடிய விடிய ஓமத்தண்ணீர். அலுத்துத்தான் ஆடியோடு நிறுத்தினான், வரமாட்டேன் என்றுகூடச் சொல்லவில்லை, அவளும் ஆள் அனுப்பவில்லை, விட்டது பீடை என்றல்லவா இருந்தான், இப்போது கார்த்திகை, மனுஷன் மறந்த வழியை இந்த மிருகம் மறக்கவில்லையே... கரியில் ஓடும் யுத்தகாலத்து பஸ் ஒன்று புகை கக்கிக்கொண்டு உரசிப் போயிற்று, அதற்காவது மிரண்டு திரும்பாதா? திரும்பவில்லை. வேப்பமரம், ஓட்டு வீடு. நின்றுவிட்டது. சாட்டையைப் பிடுங்கி ஓங்கினான்.

“அத ஏன் அடிக்க வாரீக?” என்றாள் சோணையம்மாள், களைத்த குரலில். “புரட்டாசியில இருந்து வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அதுதான என்னைய இங்க கொண்டாந்து விடுது.”

பீர் முகமது குதிரையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயக்கொடி சாட்டையை இறக்கினான், அப்படியென்றால் இந்தப் பாதை பழகியது தன்னால் மட்டும் இல்லையா, இத்தனை நாளும் இங்கே வராதவன் தான் ஒருவன்தானா... அவள் மூட்டையை அவிழ்த்தாள், உள்ளே பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள். கதவு திறந்தது. “வாக்கா” என்று மலையம்மாள், இடுப்பில் ஒரு கையை ஊன்றி, மெதுவாக, மிக மெதுவாகப் படியிறங்கி வந்தாள்.

“ஏழாம் மாசம்,” என்றாள் சோணையம்மாள். “எனக்கு வளையல் போட ஆளிருந்தும் கொடுத்து வைக்கல. இவளுக்குப் போட ஆளில்ல. சட்டிய இறக்கிட்டு உள்ள வாரீகளா, இல்ல, குதிரைக்குத் துணையா இங்கனயே நிக்கிறீகளா?”