பின் ஜன்னல் குளம்

என் தையல் கடையின் பின் ஜன்னலைத் திறந்தால் குளம். அதைத் தூர்த்து வண்டி நிறுத்தும் இடம் கட்டப்போகிறார்கள் என்று முதலில் கண்டுபிடித்தவள் நான். முளைக்குச்சி அடிக்க வந்தவர்களை விரட்டியவள் நான். நகராட்சி அலுவலகத்தில் தொண்டை கிழியக் கத்தியவளும் நான்தான். இப்போது யாரையாவது கேட்டுப் பாருங்கள். எல்லோருக்கும் என் ஓரகத்தியைத்தான் தெரியும்.

கொழுந்தனின் மனைவி அவள். மருந்துக்கடையில் வேலை. நான் வீடு வீடாகப் போய், "குளத்தையே மூடப்போறாங்க, உங்களுக்கெல்லாம் உறைக்கலையா?" என்று கேட்டேன். கதவைச் சாத்தினார்கள். அவள் அதே கதவுகளைத் தட்டி, "வாரத்துல ஒரு அரை மணி நேரம் ஒதுக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டாள். எல்லாக் கதவும் திறந்தது. வேன் டிரைவர் கூட்டத்துக்கு ஆள் ஏற்றினார். டீச்சர் சுவரொட்டி எழுதினார். என் கடையில் அளவு கொடுக்க வந்தவர்கள்கூட அவள் புராணம்தான் பாடினார்கள். கையிலிருந்த குண்டூசியை அவர்கள் மேல் குத்தாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"எல்லார்கிட்டயும் கத்தி என்னக்கா பிரயோசனம்? முடிவு எடுக்கிற ஆளு யாருன்னு முதல்ல பாக்கணும்," என்றாள் ஒருநாள். எனக்கே பாடம்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கணவர் ஓரக்கண்ணால் பார்த்தார்.

"என்ன, வயிறு எரியுதா?"

"நெஞ்செரிச்சல்."

"உன் ஓரகத்திகிட்ட மாத்திரை வாங்கிட்டு வரட்டுமா?"

அந்த முடிவெடுக்கும் அதிகாரியையும் அவள் பிடித்துவிட்டாள். குளத்தில் உயிரினம் எதுவும் இல்லை, வெறும் தேங்கிய தண்ணீர் என்று அவருக்கு அறிக்கை போயிருந்தது. நேரில் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். பறவைகளைப் பார்த்தால் குளம் தப்பும். இல்லாவிட்டால் மண் லாரி வந்துவிடும்.

அவர் வந்த காலையில் ஊரே எதிர்க்கரையில் திரண்டது. கலர் கலராகப் பதாகை, போதாததற்கு மைக். நான் போகவில்லை. அவள் பின்னால் நின்று கைதட்ட வேண்டும் என்று எனக்கென்ன தலையெழுத்தா? கடையில் உட்கார்ந்து மெஷினை மிதித்தேன்.

மைக் ஒரு முறை கீச்சிட்டது. அவ்வளவுதான், குளத்திலிருந்த பறவைகள் மொத்தமும் எழும்பின. ஊரைக் கூட்டத் தெரிந்தவளுக்கு, கூட்டத்தைக் கண்டால் பறவை நிற்காது என்று தெரியவில்லை. எனக்கு மனசு குளிர்ந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

எழும்பியவை வேறெங்கும் போகவில்லை. என் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் கோரைக்குள் வந்து இறங்கின. என் மெஷின் சத்தம் அவற்றுக்குப் பழகிய சத்தம். நாரைகள், நீர்க்கோழிகள். பின்னாலேயே முதுகில் குஞ்சுகளைச் சுமந்தபடி நீந்தி வந்தது ஒரு முக்குளிப்பான். எதிர்க்கரையில் அதிகாரி வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டு வண்டியை நோக்கித் திரும்பினார். என் ஓரகத்தி கையைப் பிசைந்துகொண்டு அவர் பின்னால் ஓடினாள்.

அவள் தோற்பதைப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் மூடப்போவது என் குளமாயிற்றே. போனை எடுத்தேன்.

"அந்த ஆளை என் கடைக்குக் கூட்டிட்டு வா. நீயும் அவரும் மட்டும். செருப்பை வாசல்லயே விட்டுட்டு வாங்க."

வந்தார்கள். நான் எழுந்திருக்கப் போனேன்.

"அக்கா, மிதிக்கிறத நிறுத்தாதீங்க. சத்தம் நின்னா பறந்துடும்," என்று கிசுகிசுத்தாள். சட்டென்று பிடித்துக்கொண்டாள் பாருங்கள். நான் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நூல் கோக்காத மெஷினை மிதித்துக்கொண்டிருந்தேன். அவள் அவர் பக்கத்தில் நின்று என் பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

அவர் வெகுநேரம் பார்த்தார். "இந்த அறிக்கையைத் திருப்பி அனுப்பிடறேன். குளத்துல யாரும் கை வைக்க முடியாது," என்றார். பிறகு சிரித்தார். "அந்தப் பக்கம் ஆளை நிறுத்திப் பறவையை இந்தப் பக்கம் ஓட்டியிருக்கீங்க. இது யாரோட யோசனை?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அக்காவோடதுதான் சார். ஆரம்பத்துலேருந்து எல்லாமே அவங்கதான்."

இத்தனை மாதமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று நான் ஏங்கிக்கிடந்த வார்த்தை. கடைசியில் அதையும் அவள்தான் சொன்னாள். நான் தலை நிமிராமல் மெஷினை மிதித்துக்கொண்டே இருந்தேன்.