திரிக்குள் கம்பி

மூன்றாவது முறையும் கேபிள் போனபோது மயிலம்மாளிடம் சந்தேகம் என்று ஒன்றும் மிச்சமில்லை. ஆள் யார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். நிரூபிப்பதுதான் பாக்கி.

செண்டாயான் சாலையிலிருந்து ஒன்றரை மைல் உள்ளே, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே, வேலையாட்களுக்கென வரிசையாகக் கட்டிய பதினோரு லயத்து வீடுகள். அவற்றுக்குக் கரண்டு கொண்டுவரும் கேபிளை எவனோ இரண்டு மாதத்தில் மூன்று தடவை வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டான். பழைய இரும்புக் கடையில் செம்புக்கு நல்ல விலை. ஒவ்வொரு தடவையும் நாலைந்து நாள் லயமே இருட்டு. இந்தத் தடவை மேனேஜர் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். வெட்டியது லயத்து ஆள்தான் என்று தெரிந்தால் அந்தக் குடும்பம் ஒரே நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் இனிப் புதுக் கேபிளே கிடையாது.

"இருட்டு வந்தா யாருக்கு லாபம்? அத சொல்லுங்க மொதல்ல," என்றாள் மயிலம்மாள், புருஷனுக்குச் சோறு போட்டுக்கொண்டே.

"யாருக்கு?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்க பாருங்க! மெழுகுவத்தி விக்கிறவளுக்குத்தான்."

குணாளன் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டான். குழம்பைப் பிசைந்தபடி, "விடு மயிலு. பாவம்லா அந்தப் பொண்ணு. சும்மா வாய வெச்சுக்கிட்டு இரு," என்றான். அவன் யாரைத்தான் பாவம் என்று சொல்லவில்லை? இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு தானே ஊர் நியாயம் முழுக்கப் பேச வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு எரிச்சல் வந்தது.

அந்தப் பெண் திலகா. ராசா டவுனிலிருந்து வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, கடைசி வீட்டில் ஒண்டிக்கட்டை. பகலில் பாக்டரி ஒன்றில் கூட்டிப் பெருக்கும் வேலை. திரும்பும் வழியில் சீனக் கோயிலில் எரிந்து மிஞ்சிய சிவப்பு மெழுகுத் துண்டுகளைப் பை நிறையப் பொறுக்கி வருவாள். மைலோ டின்னில் போட்டு, அந்த டின்னைக் கொதிக்கிற தண்ணீர்ச் சட்டிக்குள் இறக்கி உருக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, சார்டின் டின்களில் ஊற்றுவாள். நடுவே நூல் திரி. ஒரு டின் ஒரு ராத்திரி தாங்கும்.

முதல் தடவை கரண்டு போனபோது மயிலம்மாளின் நாட்டுக்கோழிக் குஞ்சுகள் பதினேழு குளிரில் விறைத்துச் செத்தன. விடிய விடிய மழை, பல்பு சூடு இல்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுததைக் கேட்டுத் திலகாதான் ஓடிவந்தாள். மூன்று செங்கல் வைத்து, நடுவில் மெழுகு டின்னைக் கொளுத்தி, மேலே மண் பூந்தொட்டியைக் கவிழ்த்தாள். தொட்டி மெல்லச் சூடேற, மிச்சக் குஞ்சுகள் அதைச் சுற்றி வந்து ஒடுங்கின. இருபத்து மூன்று பிழைத்தன.

அந்த நன்றி மயிலம்மாளுக்கு ஒரு மாதம் இருந்தது. இரண்டாவது தடவை கரண்டு போன அன்றே திலகாவிடம் முப்பது டின் தயாராக இருந்தது. மூன்றாவது தடவை ஐம்பது. எப்படி? கரண்டு போகப் போகிறது என்று இவளுக்கு யார் ஜோசியம் சொன்னது? நெருப்பில்லாமல் புகையுமா?

அன்று சாயங்காலம் குஞ்சுக்கூண்டில் மெழுகு அடியோடு தீர்ந்துபோயிருந்தது. டின்னைக் கழுவ எடுத்தவள் உள்ளே பார்த்தாள். திரி எரிந்து முடிந்த இடத்தில் ஈர்க்குக் கனத்தில் ஒரு கம்பி நின்றிருந்தது. கரியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். செம்பு! நூல் சாயாமல் நிற்க இதன்மேல் சுற்றியிருக்கிறாள் கள்ளி. "மாட்டுனியாடி!" என்று மயிலம்மாள் வாய்விட்டே சொன்னாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குள் லயமே திலகா வீட்டு வாசலில் நின்றது. ஒரு காலத்தில் வேலையாட்களை மேற்பார்த்த பழைய மண்டோர் தங்கராஜுதான் லயத்துக்குப் பெரியவர். அவர் கையில் கம்பியைக் கொடுத்துவிட்டு, மயிலம்மாள் முதல் ஆளாக அடுப்படிக்குள் நுழைந்தாள். அரிசி வாளிக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. திறந்தால், விரல் நீளத்துக்கு வெட்டி அடுக்கிய செம்புக் கம்பிகள். பளபளவென்று புதுச் செம்பு.

"இதுக்கு என்னடி சொல்ற?"

திலகா டின்னைப் பார்த்தாள், மயிலம்மாளைப் பார்த்தாள்.

"இவள சேத்துக்கிட்டதே தப்பு மண்டோரே! பாலும் பழமுமா பேசுவா. எம் பதினேழு குஞ்சு வயிறெரிஞ்ச பாவம் சும்மா விடுமா? போலீஸக் கூப்புடுங்க!"

தங்கராஜு போன் செய்தார். ஜீப் வர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். அது முடியப்போகும்போதுதான் திலகா வாய் திறந்தாள். "மயிலக்கா, உங்ககிட்ட மட்டும் ஒரு வார்த்த. உள்ள வாங்க."

"எதுவா இருந்தாலும் இங்கயே சொல்லு."

"வேணாங்க்கா. உள்ள வாங்க."

கெஞ்சப் போகிறாள், நன்றாகக் கெஞ்சட்டும் என்று மயிலம்மாள் போனாள். திலகா கதவைச் சாத்தினாள்.

"கம்பிய குணா அண்ணன்தான் குடுத்தாரு."

"எந்தக் குணா?"

"உங்க வீட்டுக்காரரு. திரி சாஞ்சு சாஞ்சு அணையுதுன்னு ஒரு நா சொன்னேன். மறுநாளே பையில கொண்டாந்து குடுத்தாரு. டிராக்டர் ஒயரு உரிச்சதுன்னாரு. நானும் நம்புனேன்."

"அடி செருப்பால! தப்பிக்கிறதுக்கு எம் புருஷன் பேரா கெடச்சிச்சு ஒனக்கு?"

திலகா குரலை உயர்த்தவில்லை. "ரெண்டாவது தடவ கேபிள் போறதுக்கு மூணு நா முன்னாடி வந்தாரு. 'மெழுகு நெறைய ஊத்தி வை திலகா, மயிலோட குஞ்சுக்கு வேணும்'னாரு. மூணாவது தடவையும் அதேதான். கரண்டு போகும்னு அவருக்கு எப்புடிக்கா தெரியும்?"

மில்லுக்குக் குலை ஏற்றும் ஓவர்டைம் என்று குணாளன் வீட்டுக்கு வராத ராத்திரிகள் எவை என்று மயிலம்மாளின் மனசு தானாகக் கணக்குப் போட்டது. மூன்றும் பொருந்தின.

"தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?"

"எப்புடி சொல்லுவேன்? குஞ்சு செத்தன்னிக்கு நீங்க அழுதத பாத்தவ நான். அதுக்குக் காரணம் உங்க ஊட்டுலயே இருக்குன்னு எந்த வாயால சொல்றது?"

வெளியே ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது.

மயிலம்மாள் வாசலுக்கு வந்தாள். கூட்டத்தின் கடைசியில், சாக்கடை ஓரம் குணாளன் நின்றிருந்தான். அவளைப் பார்த்தான். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்கும் தெரிந்துபோயிற்று. மெல்லத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. முப்பது வருஷம் வாழ்ந்த வீடு அவன் முதுகுக்குப் பின்னால் தெரிந்தது. அதை விட்டால் போக அவர்களுக்கு ஒரு மாட்டுக்கொட்டகைகூடக் கிடையாது.

போலீஸ்காரர் பிஸ்கட் டின்னைத் தூக்கிக் காட்டினார். "சியாப்பா புஞ்ஞா இனி?" யாருடையது இது?

"சாயா," என்றாள் திலகா. என்னுடையது. மயிலம்மாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இனி மயிலம்மாள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். வாழ்நாளில் அவளால் முடியாத காரியம் அது ஒன்றுதான் என்று லயத்தில் கேலி பேசுவார்கள். அன்று முடிந்தது. திலகா செருப்பை மாட்டும்வரை முடிந்தது. ஜீப்புக்கு நடக்கும்வரையும் முடிந்தது. கூட்டத்தில் யாரோ, "திருட்டு முண்ட," என்று காறித் துப்பினார்கள். எச்சில் திலகாவின் பாவாடையில் விழுந்தது. அவள் குனிந்து துடைத்துக்கொண்டாள்.

"தொவான்!" ஐயா என்று மயிலம்மாள் கூப்பிட்டுவிட்டாள். போலீஸ்காரர் திரும்பினார். தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னாள்: "டியா புக்கான். லாக்கி சாயா." பிறகு லயத்துக்கும் புரியட்டும் என்று தமிழில் சொன்னாள். "அவ இல்ல. எம் புருஷன். எங்க வூட்டத் தேடுங்க."

தங்கராஜு பதறினார். "என்னா பேசுற மயிலு? ஒரே நாள்ல வூட்ட விடணும், தெரியுமில்ல?"

"தெரியும்."

எல்லாத் தலைகளும் சாக்கடைப் பக்கம் திரும்பின. மயிலம்மாளும் பார்த்தாள். பொய் என்று அவன் ஒரு வார்த்தை கத்தினால் போதும், ஊரே எதிர்த்தாலும் நொடியில் அவன் பக்கம் போய் நின்றிருப்பாள். திலகாவின் மயிரைப் பிடித்து இழுக்கவும் தயங்கியிருக்கமாட்டாள். கத்தேன், கத்தித் தொலையேன் என்று மனசுக்குள் அவனைக் கெஞ்சினாள்.

குணாளன் கத்தவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, சட்டைப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு, தானாகவே ஜீப்பை நோக்கி நடந்தான்.