சர்க்கரை இல்லாத வீடு

பேக்கரியில் நாள் முழுக்க நின்று கேக் போடுகிறவளுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு. அந்த நாளில் அவள் என்ன செய்வாள் என்றால், வீட்டில் நின்று கேக் போடுவாள். கேட்டுச் சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். அவளுக்குத்தான் கூடச் சேர்ந்து சிரிக்கத் தெம்பில்லை.

பேக்கரியில் போடுவது ஊருக்கு. அங்கே மூட்டை மூட்டையாகச் சர்க்கரை இருக்கும், மாவு சொன்ன பேச்சைக் கேட்கும், கேக் பொன்னிறமாக எழும்பி வரும். வீட்டில் போடுவது புருஷனுக்கு. இங்கே சர்க்கரைக்குப் பதிலாக, ரத்தத்தில் சுகரை ஏற்றாத ஒரு வெள்ளைத் தூள். பார்வைக்கு அச்சு அசல் சர்க்கரையேதான், குணத்தில் மட்டும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. சர்க்கரை மாவில் ஈரத்தைப் பிடித்து வைக்கும், இது வைக்காது. சர்க்கரை சூட்டில் நிறம் ஏறும், இது ஏறாது. எவ்வளவு நேரம் ஓவனில் விட்டாலும் கேக் ரத்தசோகை பிடித்த மாதிரி வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கும். ஆறியதும் தூள் மறுபடி கல்லாகிப் பல்லில் நறநறக்கும், நாக்கில் புதினா மிட்டாய் தின்ற மாதிரி ஒரு ஜில்லிப்பு. அவளும் மைதாவைக் குறைத்துப் பாதாம் மாவைக் கூட்டினாள், ஈரத்துக்குத் தயிர் சேர்த்தாள், நிறத்துக்குக் கொஞ்சம் கோகோ தூவினாள். பாதி குப்பைக்குப் போனது. மீதியை அவர் முகம் சுளிக்காமல் தின்றுவிட்டு, "பரவால்ல, நல்லாத்தான் இருக்கு" என்பார். அதற்கு அவர் முகம் சுளித்தே இருக்கலாம்.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வருஷா வருஷம் டாக்டர் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் வண்டியைத் தொட முடியும். போன தடவை சுகர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, "அடுத்த தடவையும் இப்படியே வந்தா கையெழுத்துக் கிடையாது" என்று கறாராகச் சொல்லி அனுப்பினார். வேனை விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது. லீவு நாளில்கூடக் கீழே போய் அதைத் துடைத்துவிட்டு வருகிற மனுஷன். அந்த ஆளை வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார வைப்பதா?

அன்றைக்கே கங்கணம் கட்டிக்கொண்டாள். சோற்றைப் பாதியாக வெட்டினாள். பழம், ஜூஸ், பிஸ்கட், தேன் எல்லாவற்றையும் வீட்டை விட்டு ஓட்டினாள். வீட்டுக்குக் கீழே இருக்கிற கடைக்காரரிடம், "அண்ணே, அவருக்கு மட்டும் இனிப்பு எதுவும் குடுத்துடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று கேட்டுக்கொண்டாள். தெருவில் அவளுக்கு 'சர்க்கரை போலீஸ்' என்று பேர் விழுந்தது. விழட்டும் என்று விட்டாள். பேக்கரியில் எட்டுக் கைக்கு வேலை செய்துவிட்டு வந்து, மறுபடி அடுப்படியில் நின்று, ஒவ்வொரு ராத்திரியும் அடித்துப்போட்ட மாதிரிப் படுப்பாள். அலுப்பு எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இவ்வளவுக்கும் நடுவில், அவளுடைய டீக்காக வைத்திருந்த சர்க்கரை டப்பா இறங்கிக்கொண்டே போனது. அவள் ஒரு டீக்கு மேல் குடிப்பதில்லை. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். இதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளரா வேண்டும்?

அவளுக்கு எரிந்தது. தான் இங்கே நாயாய்ப் பேயாய் உழைக்க, அந்த மனுஷன் திருட்டுத்தனமாகச் சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொள்கிறாரே என்று எரிந்தது. நியாயமாகக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் கேட்டால் சண்டை வரும், சண்டை போடவும் உடம்பில் தெம்பு வேண்டும். அதனால் சத்தம் காட்டாமல் ஒரு வேலை செய்தாள். டப்பாவிலிருந்த சர்க்கரையை எடுத்துக்கொண்டு போய் பேக்கரி மூட்டையில் கொட்டிவிட்டு, டப்பாவில் வெள்ளைத் தூளை நிரப்பினாள். அன்றோடு டப்பாவைச் சுற்றி மொய்த்த எறும்புகள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டன.

டாக்டரிடம் போக ஒரு வாரம்தான் இருந்தது. மறுநாள் அவளுக்கு லீவு. மதியம் கேக்குக்கு மாவைக் கலந்து வைத்துவிட்டு, காய்ந்த துணிகளை எடுத்துவரப் பால்கனிக்குப் போனாள். சாயங்கால ட்ரிப்புக்கு அவர் கிளம்புகிற நேரம். துணிகளோடு திரும்பியவள் சமையலறை வாசலில் நின்றாள். அவர் டப்பாவைத் திறந்து கரண்டியால் அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தார். கையும் களவுமாக!

அவளுக்கு ஒரு அற்ப சந்தோஷம் வந்தது. கதவில் சாய்ந்துகொண்டாள்.

"சாப்பிடுங்க, நல்லாச் சாப்பிடுங்க. வெக்கப்படாதீங்க."

அவர் திரும்பவில்லை. இன்னொரு கரண்டி அள்ளினார். கை நடுங்கியதில் பாதி தரையில் சிந்தியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மாட்டிக்கொண்ட பயத்தில் வேர்க்கிறது என்று நினைத்தாள்.

"என்ன, டேஸ்ட் மாறிடுச்சா?"

"இதுக்கு அடங்கல..." என்றார் அவர். நாக்கு குழறியது. "எப்பவும் ரெண்டு கரண்டில நின்னுடும். இன்னிக்கு நிக்கல."

"என்ன நிக்கல?"

"நடுக்கம்" என்று சொல்லிவிட்டு, அடுப்பு மேடையைப் பிடித்தபடியே தரையில் சரிந்து உட்கார்ந்தார்.

துணிகள் அவள் கையிலிருந்து விழுந்தன. க்ளினிக் நர்ஸ் என்றைக்கோ சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேர்வை, நடுக்கம், குழறல் வந்தால் சுகர் இறங்குகிறது என்று அர்த்தம், உடனே சர்க்கரை கொடுக்க வேண்டும். சொன்னபோது தலையாட்டியதோடு சரி. ஏறுகிறதா ஏறுகிறதா என்றே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவள், இறங்கவும் செய்யும் என்பதையே மறந்துவிட்டாள்.

அலமாரியைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். சர்க்கரை இல்லை, தேன் இல்லை, ஒரு பழம் இல்லை. கலந்து வைத்த மாவிலும் அதே தூள். தினமும் சர்க்கரை மூட்டையோடு புழங்குகிறவள் வீட்டில், புருஷன் உயிருக்கு ஒரு கரண்டி சர்க்கரை இல்லை. எல்லாம் அவள் கைங்கரியம்.

செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினாள்.

"அண்ணே, ஒரு கூல்டிரிங்க்ஸ் பாட்டில், சீக்கிரம்."

"யாருக்கும்மா, சாருக்கா?"

"ஆமா, சீக்கிரம் குடுங்க."

கடைக்காரர் மேல்தட்டுக்குப் போன கையை இழுத்துக்கொண்டு, குனிந்து கீழ்த்தட்டிலிருந்து வேறொரு பாட்டிலை எடுத்து வைத்தார். "டயட். சர்க்கரையே கெடையாது. உங்களுக்காகவேதான் வரவழைச்சு வெச்சிருக்கேன்."

"இது வேணாம்ண்ணே. சர்க்கரை போட்டது குடுங்க."

அவர் சிரித்தார். "என்னம்மா, என்னை டெஸ்ட் பண்றீங்களா? நீங்க சொன்ன சொல்லை நான் மீறுவேனா?"

அவரோடு பேசிப் புரியவைக்க நேரமில்லை. கடைக்குள்ளேயே ஏறி, மேல்தட்டு பாட்டிலைத் தானே எடுத்துக்கொண்டு ஓடினாள். பின்னால் அவர் எதையோ சொல்லிக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

மேலே வீட்டில் புருஷன் சுவரில் சாய்ந்திருந்தார். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் பார்வை அவள் மேல் நிற்கவில்லை. "பிள்ளைங்க எல்லாம் ஏறியாச்சா?" என்று கேட்டார்.

"ஏறியாச்சு, குடிங்க" என்று பாட்டிலை அவர் வாயில் வைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கினார். பாதி சட்டையில் வழிந்தது. அவள் அவர் தலையைப் பிடித்தபடி, எந்தச் சாமி என்று பார்க்காமல் எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். ரொம்ப நேரம் கழித்து அவர் உதட்டில் நிறம் திரும்பியது, கை நடுக்கம் நின்றது. அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

தெளிந்ததும் எழுந்திருக்கப் பார்த்தபடி அவர் கேட்ட முதல் கேள்வி, "மணி என்ன? ட்ரிப்புக்கு நேரமாச்சு."

"உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். எதிரே அவளும் தரையில் உட்கார்ந்தாள். அவர் சொன்ன அந்த 'எப்பவும்' அவள் மனசில் கிடந்து குடைந்தது. மாத்திரை கூடியிருக்கிறது, சாப்பாடு பாதியாகியிருக்கிறது. அவள் சமையல் பலித்திருக்கிறது, பலித்தே அவரைச் சாய்த்திருக்கிறது. அவர் அள்ளிப் போட்டுக்கொண்டது ருசிக்காக இல்லை, மருந்துக்காக. அந்த மருந்தைத்தான் அவள் தூக்கிக்கொண்டு போய் பேக்கரி மூட்டையில் கொட்டினாள். நினைக்க நினைக்க அவளுக்கு அவள் மேலேயே வெறுப்பாக வந்தது.

"வண்டி ஓட்டும்போது வந்திருக்கா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லுங்க."

"ஒரே ஒரு தடவை. ஓரமா நிறுத்திட்டேன். கடைசி ஸ்டாப் பொண்ணு மட்டும்தான் உள்ள இருந்தா. தூங்கிட்டிருந்தா, அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அவள் எழுந்து போனை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பேசினாள். அவர் இன்றைக்கு வரமாட்டார், டாக்டர் சொல்கிறவரைக்கும் வேனைத் தொடமாட்டார், என்ன காரணம் என்று எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் தடுக்கவில்லை. வேன் சாவியைப் பையிலிருந்து எடுத்து அவள் பக்கமாகத் தரையில் வைத்தார்.

அடுத்து க்ளினிக்குக்குப் பேசினாள். நர்ஸ் நிதானமாகக் கேட்டுக்கொண்டு, "மாத்திரை டோஸைக் குறைக்கணும்னு நெனைக்கிறேன். மறுபடி இறங்கலாம், ஏதாவது சாப்பிட வெச்சு உடனே கூட்டிட்டு வாங்க" என்றாள். பிறகு, "எத்தனை நாளா இப்படி வருது?" என்று கேட்டாள்.

இவளுக்குத் தெரியவில்லை. அவர் என்ன வாங்கினார் என்று கடைக்காரரிடம் கேட்டிருக்கிறாள். இன்னும் எதைக் குறைக்கலாம் என்று இதே நர்ஸிடம் கேட்டிருக்கிறாள். அவரிடம் மட்டும் எதையும் கேட்டதில்லை. போனைக் கையால் பொத்திக்கொண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளாங்க?"

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ கேப்பேன்னு தினமும் நெனச்சேன்" என்றார்.