செதுக்கலுக்கு ஆதாரம்

என் தங்கை ஆறு வருஷம் புல் செதுக்குகிறவர்களின் பின்னாலேயே அலைந்தாள். 'செதுக்குதல்' என்ற சொல் முதலில் புல்லுக்குத்தான் இருந்தது, பிறகுதான் மரத்துக்குப் போனது என்பது அவள் ஆய்வு. அன்றைக்கு வாய்மொழித் தேர்வு. தேறினால்தான் பட்டம், பட்டம் இருந்தால்தான் கல்லூரியில் வேலை நிலைக்கும். நான் அகராதி அலுவலகத்தில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தார்.

"நீங்க சொல்றது தலைகீழா இருக்கேம்மா. தச்சுவேலையிலேர்ந்துதான் புல்லுக்கு வந்துச்சுன்னு பெரிய அகராதியிலயே போட்டிருக்கு." பக்கத்தைப் பிரித்து வாசித்தும் காட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ, அது நான் எழுதிய வரி! பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், அச்சகத்து ஆள் வாசலில் நிற்கிறார். அந்தச் சொல்லுக்கு மட்டும் அது எங்கிருந்து வந்தது என்று எழுதாமல் இடம் காலியாகக் கிடக்கிறது. மேலாளர் காட்டுக்கத்தல் கத்துவாரே என்று மனசுக்குத் தோன்றியதை எழுதித் தள்ளினேன். டீ ஆறுவதற்குள் மறந்தும் போனேன். "அகராதி சொல்றது தப்புக்கா" என்று இவள் ஒருநாள் சொன்னபோதுகூட, "பெரியவங்க எழுதினதுடி, அடக்கி வாசி" என்று அதட்டினேனே, பாவி!

தங்கை தண்ணீரை எடுத்தாள். குடிக்காமலே திரும்ப வைத்துவிட்டுக் குறிப்புகளைப் புரட்டினாள். என் வேலை போனால் போகட்டும் என்று எழுந்துவிட்டேன்.

"ஐயா, அந்த வரியை எழுதினது நான்தான். அது சும்மா என் கற்பனை. எந்த ஆதாரமும் கிடையாது."

தங்கை திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைக் கட்டையில் போகும்வரை மறக்க மாட்டேன்.

தேர்வாளர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"கூடப்பொறந்தவ மேல பாசம் இருக்கவேண்டியதுதான். அதுக்காக இப்படியா?" கொண்டுவந்திருந்த புத்தகங்களைத் தட்டிக் காட்டினார். "பதினோரு நூல்ல அதையேதான் சொல்லியிருக்காங்க. அதுல ஒண்ணு நான் எழுதினது."

"எல்லாரும் என்னோடதைப் பாத்துத்தான் ஐயா எழுதியிருக்காங்க!"

"சரிம்மா. நீங்க கற்பனையா எழுதினீங்கங்கறதுக்கு ஆதாரம் இருக்கா?"

அவர் பேனா மூடியைக் கழற்றி, தங்கையின் ஆய்வேட்டில் 'ஏற்க இயலாது' என்று நிதானமாக எழுதினார்.