யார் வழி வந்தது

மருத்துவரின் அறையில் மகளை நடுவில் உட்காரவைத்து, தாய் ஒருபுறமும் நாத்தனார் மறுபுறமும் அமர்ந்தார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டங்களுக்கு வில்லை பொருத்துவது தாயின் வேலை. மேசைமேல் கோணலாகக் கிடந்த பேனாவை நேராக்கத் துடித்த கையை அவள் மடியிலேயே அடக்கிக்கொண்டாள்.

கல்லூரியில் படிக்கும் மகளுக்கு நான்கைந்து மாதங்களாக மாதவிடாய் தலைகாட்டவில்லை. முகவாயில் முடி முளைக்கத் தொடங்கி ஓராண்டாகியிருந்தது. சினைப்பை நீர்க்கட்டிதான் என்று மருத்துவர் சொன்னதும் தாய் முந்திக்கொண்டாள்.

"எல்லாம் இவளே இழுத்துவிட்டுக்கிட்டது டாக்டர். விடிஞ்சு எழுந்திருக்கிறதில்ல, கண்டதையும் திங்கிறது. ஒரு வருஷமா தொண்டைத்தண்ணி வத்தக் கத்துறேன்."

மகள் மறுக்கவில்லை. அந்த ஓராண்டில் அவளும் அதை நம்பிவிட்டிருந்தாள். பல நாள் தட்டைத் தொடாமலே எழுந்துபோனாள். திருந்திவருகிறாள் என்றே தாய் அதை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"குடும்பத்துல வேற யாருக்காவது மாதவிடாய் தள்ளிப்போறது, முகத்துல முடி, சர்க்கரை, இப்படி ஏதாவது உண்டா?"

"எங்க வீட்டுல யாருக்கும் இல்ல," என்றாள் தாய்.

அது பொய். திருகாணி எடுக்கும் சாமணத்தைக் கடையிலிருந்து கொண்டுவந்து, குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு முகவாய் முடியைப் பிடுங்குவது அவளுடைய நெடுநாள் வழக்கம். கணவருக்குக்கூட அது தெரியாது.

நாத்தனார் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்ப எங்க பக்கம்னு எழுதிக்குங்க டாக்டர். எனக்குச் சர்க்கரை இருக்கு. மீசையும் இருக்கு; எங்க வீட்டுக்காரருக்குத்தான் சரியா வளராது."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அத்தை, சும்மா இருங்க."

"நான் ஏன்டி சும்மா இருக்கணும்? உங்க அம்மா பொறந்த வீடு பத்தரைமாத்துத் தங்கம். கெட்டதெல்லாம் எங்க பக்கம். இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

மருத்துவர் குறுக்கிட்டார். "இது ஒரே மரபணுவால வர்றதில்லம்மா. பல மரபணுக்கள் சேர்ந்து கொஞ்சங்கொஞ்சமா ஆபத்தைக் கூட்டுது. அப்பா வழியாவும் வரலாம், அம்மா வழியாவும் வரலாம். பெத்தவளுக்கோ கூடப் பொறந்தவளுக்கோ இருந்தா வாய்ப்பு அதிகம். சாப்பாடும் நடையும் கட்டுக்குள்ள வைக்க உதவும். அதுக்காக இவளே வரவழைச்சுக்கிட்டான்னு சொல்லக்கூடாது."

"அம்மாவுக்குத்தான் இல்லையே," என்றாள் மகள். "அப்ப பெரும்பங்கு என்னாலதான் டாக்டர். சாப்பாட்டை இன்னும் குறைச்சுக்கிறேன்."

குறைபட்டுக்கொள்ளும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கை உயர்த்தியபோது, வளையல் முழங்கைவரை சரிந்தது. தாய் அந்தக் கையைப் பார்த்தாள்.

"எனக்கும் உண்டு டாக்டர். வயசுக்கு வந்ததுலேர்ந்தே மூணு மாசம், நாலு மாசம் வராது. முகவாய் முடியைப் பிடுங்கிக்கிட்டேதான் இருக்கேன். எங்க அம்மாவுக்கும் இருந்துச்சு."

நாத்தனார் எதையோ சொல்ல வாயெடுத்தாள்; பிறகு, அவளை அறிந்தவர்கள் எவரும் நம்பமாட்டாத வகையில், சொல்லாமலே விட்டுவிட்டாள்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் திட்டுனியாம்மா?"

"ஆமா."

தாயும் சர்க்கரைக்கு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார்.

மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலையில் மகள் அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தட்டு நிறைய வாங்கி, தாயின் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல், முழுவதையும் சாப்பிட்டாள்.