பதினான்காவது கேள்விக்கான பதில்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரணி பஸ் ஸ்டாண்டில் தேவிகாபுரம் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது, பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் சொன்னார்.

(பொய். அப்படி எந்தப் பெரியவரும் இல்லை. கதை எழுதுகிறவர்களுக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் அகப்பட்டுவிடுகிறார். எனக்குக் கண்டக்டர்கூட அகப்பட்டதில்லை. உண்மை மூலத்தைப் பின்னால் சொல்கிறேன். தைரியம் வரட்டும்.)

தொடக்கம் ஒன்று: ‘1984ஆம் ஆண்டு கோடையின் கொடுமையில் ஆரணி நகரம்…’

வேண்டாம். ஆரணி எந்த ஆண்டு வெயிலில் காயவில்லை?

தொடக்கம் இரண்டு: ‘தங்கம்! அந்தச் சொல்லைக் கேட்டதும்…’

நகைக்கடை விளம்பரம் போல இருக்கிறது. மேலும் ஆரணிக்காரர்களுக்குத் தங்கம் புதிதல்ல. அது பட்டுப்புடவையின் கரையில் ஜரிகையாக ஓடுகிற சமாசாரம் என்று அவர்கள்பாட்டுக்கு நினைத்துக்கொண்டிருந்தார்கள். இல்லை, அது சட்டிக்குன்றுக்குள் இருக்கிறது என்று ஒரு கம்பெனி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

தொடக்கம் மூன்று. இதையே வைத்துக்கொள்வோம்:

ரத்னாவதி பொய் சொல்ல மாட்டாள்.

2

ரத்னாவதி ஆரணியில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் மறுப்புக் கடிதம் வரும். அதையும் யாராவது ஒருவர் தட்டச்சு செய்து தொலைக்க வேண்டும்.

வெம்பாக்கம் பக்கத்து ஜைனக் குடும்பத்துப் பெண். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுவாள். தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பாள். பத்து வயதில் கோயிலில் பொய் சொல்வதில்லை என்று விரதம் எடுத்தவள், முப்பத்து நான்கு வயதிலும் அதைக் கைவிடவில்லை. அரசு அலுவலகத்தில் இது எவ்வளவு பெரிய பேஜார் என்பதை விளக்க வேண்டியதில்லை. லீவு லெட்டரில்கூட ‘காய்ச்சல்’ என்று எழுத மாட்டாள். ‘நாத்தனார் வீட்டு விசேஷம்’ என்று எழுதி, கேட்ட லீவு கிடைக்காமல் வேலைக்கு வந்து உட்கார்ந்திருப்பாள்.

இப்படியொரு பாத்திரத்தை வாசகர் நம்புவாரா என்று எனக்குச் சந்தேகம். ஒரு சின்னப் பொய்யாவது சொல்லவைத்தால் உயிரோட்டம் வரும் என்று மூன்று பிரதிகளில் முயன்று பார்த்தேன். அவள் சொல்லவில்லை.

அந்த அலுவலகத்தில் இன்னும் இரண்டு பேரைச் சொல்லிவிடுகிறேன். அதிகாரி வீரபாகு, ஓய்வு பெற இரண்டு ஆண்டு பாக்கி. தட்டச்சர் பரசுராமன், தறியில் உட்கார மனமில்லாமல் தட்டச்சு கற்றுக்கொண்ட நெசவாளி மகன், தற்காலிக ஊழியர். பரசுராமன் முக்கியமில்லை. அவனை மறந்துவிடலாம்.

3

கம்பெனி கேட்டது திறந்தவெளிச் சுரங்கம். அதாவது குகை வெட்டி உள்ளே போவதல்ல. குன்றையே வாரி எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் பள்ளம் தோண்டுவது. தலைவலிக்குத் தலையை எடுத்துவிட்டு உள்ளே தேடுகிற வைத்தியம்.

குன்று அரசுப் புறம்போக்கு. எல்லாருக்கும் சொந்தம், ஆகவே யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் தில்லியில் புதிதாகச் சுற்றுச்சூழல் என்று ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். நாற்பத்திரண்டு கேள்விகளோடு ஒரு படிவம் வந்தது. இரண்டாம் பக்கத்தில் பதினான்காவது கேள்வி: ‘திட்டப் பகுதியில் வாழும் உயிரினங்கள், வகை மற்றும் எண்ணிக்கை.’

இப்படிப்பட்ட கட்டங்களை நாற்காலியை விட்டு எழாமலே நிரப்புவதுதான் முறை. ரத்னாவதி பஸ் ஏறிப் போனாள்.

குன்றின் உச்சியில் சட்டி அகலத்துக்கு ஒரு சுனை. சித்திரையிலும் வற்றாது. அதை நம்பித்தான் கன்னியம்மாள் என்ற கைம்பெண் அங்கே இருபத்தேழு ஆடுகள் மேய்த்தாள். ரத்னாவதி சுனையில் தண்ணீர் மொண்டு வடிகட்டிக் குடித்தாள். பிறகு அந்தத் துணியைப் பதமாகச் சுனையிலேயே அலசினாள்.

“இன்னாம்மா இது? வடிகட்டினத மறுபடி அதுலயே வுடறீங்க?”

“துணில தங்கினதுங்களுக்கு இதானே வூடு? வேற எங்க போவும்?”

கன்னியம்மாள் சுனைக்கு வந்த ஆட்டுக்கு வழிவிட்டாள். “தங்கம் எடுக்கறாங்களாமே. எடுத்துகினு போவட்டும். சுனைய மட்டும் வுட்டுட்டு எடுக்கச் சொல்லுங்கம்மா.”

“குன்னே இருக்காதும்மா.”

“அப்போ ஆடுங்க?”

“அதுக்குத்தான் வந்துகீறேன். ஒண்ணு விடாம எழுதறேன்.”

மூன்று நாள் எழுதினாள். அவள் வீட்டில் உயிர்களை அறிவின் கணக்கில்தான் பிரிப்பார்கள்; ஆறாவது அறிவு அந்தக் கணக்கில் கிடையாது, மனிதரும் ஐயறிவுதான். அவளுக்கு வேறு வகைப்பாடு தெரியாது. தில்லி கேட்டது மரம், மிருகம், பறவை. அவள் எழுதியது இது:

‘ஓரறிவுயிர்: மண், நீர், செடிகொடி. எண்ணற்றவை. ஈரறிவுயிர்: புழு, நத்தை. சுனையோரம் மிகுதி. மூவறிவுயிர்: எறும்பு, கறையான். புற்று நாற்பத்தொன்று. நாலறிவுயிர்: தேனீ, வண்டு. தேன்கூடு ஆறு. ஐயறிவுயிர்: மயில் பதினொன்று, உடும்பு இரண்டு, ஆடு இருபத்தேழு, கன்னியம்மாள் ஒன்று.’ *

* உடும்பு உண்மையில் மூன்று இருக்கலாம். ஒன்று இரண்டு தடவை தலைகாட்டியதா என்று நிச்சயமில்லாததால் இரண்டு என்றே எழுதினாள்.

4

வீரபாகு படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

“இன்னாம்மா ரத்னாவதி, மண்ணுக்கும் உயிரா? அப்போ கம்பெனிக்காரன் கடப்பாரை போட்டா கொலக்கேஸா?”

“எங்க வழக்கத்துல அப்படித்தாங்க சார்.”

“உங்க வழக்கத்தைக் கோயில்ல வெச்சிக்கோ. மேல இருந்து போன் மேல போன் வந்துகினு இருக்குது. ஜல்தியா ‘ஏதுமில்லை’ன்னு போட்டுக் குடு.”

“இருக்குதுங்களே சார்.”

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. வந்தவாசிக்கு மாற்றுவேன் என்றார். சரிங்க சார் என்றாள். பதினேழு பி-யில், அதாவது வேலைக்கே உலை வைக்கிற ஒழுங்கு விதியில், விளக்கம் கேட்பேன் என்றார். எழுதித் தருகிறேன் என்றாள். ‘ஏதுமில்லை’ என்று மட்டும் எழுதவில்லை.

நான்காம் நாள் வீரபாகு சிரித்துக்கொண்டே, “சரி விடும்மா, நீ எழுதினபடியே போவட்டும். டைப் ஆனதும் ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுடு” என்றார்.

(இங்கே ஓட்டை இருக்கிறது, தெரியும். அப்படிப்பட்ட மனிதர் எப்படித் திடீரென்று இறங்கிவந்தார்? நல்ல வாசகர் கேட்பார். நல்ல வாசகர் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.)

5

முடிவு அ: தில்லியில் ஓர் அதிகாரி பட்டியலைப் படிக்கிறார். ‘கன்னியம்மாள் ஒன்று’ என்ற இடத்தில் கண் கலங்குகிறது. கோப்பின் மேல் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதுகிறார். குன்று பிழைக்கிறது.

அப்படியோர் அதிகாரி இருந்தால் அவரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். வகை: அரியது. எண்ணிக்கை: ஒன்று.

முடிவு ஆ: ரத்னாவதி கோப்பைக் கிழித்துப் பறக்கவிட்டு, ராஜினாமாவை மேசையில் அறைந்துவிட்டு வெளியே நடக்கிறாள். பின்னணியில் காற்று.

சினிமா. அவள் பேப்பரைக் கிழிக்கிற ஜாதியே இல்லை. பென்சிலைக்கூட மிச்சம் பிடிப்பவள்.

முடிவு இ: ‘அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் தட்டச்சர் பரசுராமன்…’

முடிவு இ: ‘அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் தட்டச்சர்…’

சரி. எத்தனை பிரதிதான் அடித்துக் கிழிப்பது?

6

பரசுராமன் நான்தான்.

அரசு அலுவலகத்தில் தட்டச்சான தாளை இரண்டு பேர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒருவர் கையில் மூலம், ஒருவர் கையில் பிரதி. பிரதிக்காரர் உரக்க வாசிக்க, மூலக்காரர் விரலை ஓட்டிக்கொண்டே வருவார். முடிந்ததும் கடைசிப் பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போடுவார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் வீரபாகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “எத்தினி வருசம்டா தற்காலிகமாவே குப்ப கொட்டுவே? அந்த ரெண்டாம் பக்கத்த மட்டும் மாத்தி அடி. அந்தம்மாகிட்ட வாசிக்கறப்போ ஜாக்கிரதையா வாசி. நிரந்தரத்துக்கு நான் எழுதறேன்” என்றார். நிரந்தரம் என்ற சொல் காதில் தேனாகப் பாய்ந்தது. இரண்டாம் பக்கத்தை மாற்றி அடித்தேன். கட்டம் நிறைய இடம் மிஞ்சியது.

வெள்ளிக்கிழமை ரத்னாவதி மேடம் எதிரே உட்கார்ந்தார். (இனி அவரை ‘அவள்’ என்று எழுதக் கை வரவில்லை.) ஒன்று, இரண்டு, மூன்று என்று வாசித்துக்கொண்டே வந்தேன். பதினான்கு வந்தது. என் கையில் இருந்த தாளில் ‘ஏதுமில்லை’ என்றிருந்தது. நான் ஓரறிவுயிரில் ஆரம்பித்தேன். மண், நீர், செடிகொடி. முதல் தடவை அடித்தபோதே மனப்பாடமாகியிருந்தது. நாற்பத்தொரு புற்றையும் ஆறு கூட்டையும் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். குரல் நடுங்கவில்லை. ‘கன்னியம்மாள் ஒன்று’ என்றபோது மேடம் லேசாகச் சிரித்தார்.

“நல்லா வாசிக்கறீங்க பரசுராமன். அங்கியே போய்ப் பாத்துட்டு வந்தாப்பல இருக்குது” என்றார். கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் கையெழுத்துப் போட்டார்.

இல்லாததை இருப்பதாக ஒருவரை நம்பவைத்தது அதுதான் முதல் தடவை. நான் எழுத்தாளன் ஆனது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு வெளியான என் நூற்றுச் சொச்சம் கதைகளில் எதுவும் அவ்வளவு சுத்தமாக அமையவில்லை.

7

சுரங்கத்துக்கு அனுமதி உத்தரவு எட்டு மாதத்தில் வந்தது. ‘உயிரினம் ஏதுமில்லை எனத் தங்கள் அலுவலகம் சான்றளித்துள்ளதால்’ என்று அதன் இரண்டாவது வரி. மேடம்தான் தபாலைப் பிரித்தார். அந்த வரியில் விரல் நின்றது. அலமாரியைத் திறந்து அலுவலகப் பிரதியை எடுத்துப் பார்த்தார். கோப்பில் சேர்த்து வைத்தார். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை.

குன்று இரண்டு வருடத்தில் பள்ளமாயிற்று. கிடைத்த தங்கம் லாரி டீசலுக்குக்கூடக் கட்டுபடியாகவில்லை என்று கம்பெனி போய்விட்டது. கன்னியம்மாள் ஆடுகளை விற்றுவிட்டுச் செங்கல் சூளைக்குப் போனாள். நான் நிரந்தரமானேன். வீரபாகு சொன்ன சொல் தவறாதவர்.

அவர்கள் வழக்கத்தில் ஆண்டுக்கொரு நாள், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளுக்கு எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பார்கள். உத்தரவு வந்த அந்த வருடமும் மேடம் ஒவ்வொரு மேசையாக வந்தார். வீரபாகுவிடம் கேட்டார். பியூனிடம் கேட்டார். கடைசியாக என்னிடம் வந்தார்.

“தெரிஞ்சோ தெரியாமயோ உங்க மனசு நோக நடந்துகினு இருந்தா மன்னிச்சிடுங்க பரசுராமன்.”

கேட்கப்பட்டவரும் அதையே திருப்பிச் சொல்வது முறை. மேடம் மற்ற மேசைகளில் நின்றதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். “அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மேடம்” என்றேன் நான்.

ஒண்ணும் இல்லை. ஏதுமில்லை. பதினான்காவது கேள்விக்கு இரண்டாம் முறையும் அதே பதில்.

அவர் எதுவரை அறிந்திருந்தார் என்று எனக்குத் தெரியாது. நான் முடிவு எழுதப்போவதில்லை. அந்தத் தகுதியை வெள்ளிக்கிழமையே இழந்துவிட்டேன். மேடம் இன்னும் என் மேசை முன்னால்தான் நிற்கிறார். அவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியதைக் கீழே நீங்கள் எழுதுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

14. ……………………………………………

எழுதியதை வேறு யாரையாவது வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வாசிக்க மட்டும் என்னிடம் கொடுத்துவிடாதீர்கள்.